அம்மா ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பிள்ள நான், வாழை வச்சிட்டேன். வெள்ளம் என்னாலதான் வந்துச்சா?

ஆத்தோரத்தான்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும்தான் செய்வேன், இன்னைக்குதான் எழுதுதேன், நீளமா போயிரும், மன்னிச்சுக்கோங்க.

நமக்கு ஏரல் பக்கம், ஆத்தோரத்து ஊரு. நான் எட்டாம் மாசத்துல பொறந்தவன். ஒன்றரை கிலோ கூட இல்லையாம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு பதினேழு நாளு, எல்லாரும் கைய விரிச்சிட்டாவளாம். அப்போ எங்கம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுல முழங்கால் போட்டு, இந்தப் பிள்ளைய எனக்குத் தந்துட்டா உம்ம ஊழியத்துக்கே குடுத்துருதேன் ஆண்டவரேன்னு பொருத்தனை பண்ணிட்டாவ. பேரும் பைபிள்ல அன்னாள் இப்படியே பொருத்தனை பண்ணிப் பெத்த பிள்ள சாமுவேல் பேருதான் வச்சாவ. ஊருல பாதிப் பேரு என்னைய இன்னைக்கு வரைக்கும் 'சின்ன ஐயர்'னுதான் (எங்க பக்கம் ஐயர்னா சர்ச் போதகர்) கூப்பிடுதானுவ. சண்டே ஸ்கூல் வசனப் போட்டியில எவர்சில்வர் டம்ளரா வாங்கிக் குவிச்சிருக்கேன், அத மறைக்கல.

டிகிரி முடிச்சு ஊழியத்துக்குப் படிக்க ரெண்டு தடவ விண்ணப்பம் போட்டேன். மொத தடவ எழுத்துத் தேர்வுலயே போச்சு. ரெண்டாவது தடவ நேர்காணல் வரைக்கும் போனேன், எடுக்கல. யாரையும் குத்தம் சொல்ல வரல. ஆனா ஒரு விஷயம் யாருகிட்டயும் சொன்னதில்ல, இங்க சொல்லுதேன்: ரெண்டாவது தடவ இல்லன்னு சொன்னப்ப எனக்கு அழுகை வரல, நெஞ்சுக்குள்ள காத்தோட்டமா இருந்துச்சு.

அப்புறம் மாமா வயல ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பிடிச்சு ஏத்தன் வச்சேன், ஆயிரத்தைநூறு வாழை. எனக்கு அந்த வேல பிடிச்சிருந்துச்சு, அதுவும் ஒரு குத்த உணர்ச்சிதான். 2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழம, ஆராதனைக்குப் போனப்பவே மழை கொட்டுது, மறுநா விடியும்போது தோட்டம் இருந்த இடத்துல ஆறு ஓடுது. குலை தள்ளி நின்ன வாழை பூரா போச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு முட்டளவு மணல், அதுக்குள்ள செத்த கோழி, யாரு வீட்டு கதவோ ஒண்ணு. அஞ்சாம் நாளு நானும் அம்மாவும் வரப்புல (வரப்பு இருந்த இடத்துல) நிக்கோம், அம்மா மெதுவா சொன்னாவ, "யோனா கப்பல்ல ஏறினதுக்கு கப்பலே ஆடிச்சு பாத்தியா"ன்னு. கர்த்தர் போகச் சொன்ன ஊருக்குப் போகாம ஓடிப்போன தீர்க்கதரிசி அவர். அதுக்கப்புறம் அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல. ஆனா தினமும் குடும்ப ஜெபத்துல 'வழி தப்பின பிள்ளைய திருப்பும்'னு ஒரு வரி வந்துரும், நான் கண்ண மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டு இருப்பேன்.

அக்கா நகைய அடகு வச்சு போன ஏப்ரல்ல திரும்பவும் வச்சேன். இப்போ தார் பெருக்குற நேரம். இந்த வருஷப் பிறப்பு ஆராதனையில வாக்குத்தத்த அட்டை (வருஷத்துக்குன்னு ஒரு வசனம் அச்சடிச்சது) எடுத்தேன், எரேமியா 29:11 வந்துச்சு. அம்மா அத வாங்கி அவிய பைபிள்ல வச்சுக்கிட்டு "பாத்தியா, அவர் உனக்குன்னு திட்டம் வச்சிருக்கார்"னு சொல்லுதாவ. எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு. கர்த்தருடைய திட்டத்த நம்புன்னு எல்லாரும் சொல்லுதிய, சரி நம்புதேன், ஆனா எது அந்தத் திட்டம்? அம்மா சொன்னதா, எனக்கு வந்ததா? அந்த வெள்ளம் என்னைய திருப்பத்தான் வந்துச்சா?

ஜெபவீரன்77

தம்பி, உங்க பாரம் எனக்குப் புரியுது. நான் சுத்தி வளைக்க மாட்டேன். ரோமர் 11:29, அவர் அழைத்த அழைப்பும் மாறாதவைகளே. ரெண்டு தடவ கதவு அடைச்சிதுன்னு சொல்லுதிய, ஆபிரகாமுக்கு 75 வயசுல வாக்குத்தத்தம், பிள்ள பொறந்தது 100 வயசுல. நடுவுல பொறுக்க முடியாம என்ன பண்ணாரு? வேலக்காரி ஆகார்கிட்ட போனாரு. அதுல பொறந்த இஸ்மவேலால பட்ட பாடு கொஞ்சமா. தம்பி கோவிச்சுக்கக் கூடாது, வாழை உங்க இஸ்மவேல். மூணாவது தடவ விண்ணப்பம் போடுங்க, இல்லன்னா படிப்பே வேண்டாம், ஊழியத்துல இறங்குங்க. நானும் மில் வேலைய விட்டுட்டு வந்தவன்தான், பட்டினி கிடந்திருக்கேன், கைவிடப்படல. வெள்ளிக்கிழம உபவாசத்துல உங்கள வச்சு ஜெபிக்கேன்.

சும்மா வாசிக்கிறவன்

நான் கோயில் பக்கம் போற ஆளு இல்ல, ஆனா இதுக்கு பதில் சொல்லாம போக முடியல. தம்பி, அன்னைக்கு காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. பெஞ்சுது. அந்த ஊருல எத்தன முஸ்லிம் காக்காமாரு ஐயர் படிப்புக்குப் போகாம ஓடி ஒளிஞ்சவங்க? ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்டவாளம் அறுத்துக்கிட்டு நின்னுச்சே, உள்ள மாட்டின நூத்துக்கணக்கான சனமும் யோனாவா? குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்கு சுழற்சி நகராம நின்னுது, மழை கொட்டுச்சு, ஆறு கரைய உடச்சுது. உங்க ஒன்றரை ஏக்கருக்காக ரெண்டு மாவட்டத்த முக்கி எடுக்குற கடவுள்னா எனக்கு அவருகிட்ட வேற கேள்வி இருக்கு.

ஆத்தோரத்தான்

அண்ணே சிரிச்சிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த வெள்ளத்த நெனச்சு சிரிச்சது இதான் மொத தடவ. ஆனா யோனா கதையிலயும் கப்பல்ல இருந்த மத்தவங்களுக்கும் சேத்துதான புயல் வந்துச்சு? அங்கதான் எனக்கு முட்டுது.

மெஞ்ஞானபுரத்து மருமக

தம்பி அந்த முட்டுக்கு நான் பதில் சொல்லுதேன். யோனாவுக்கு கர்த்தர் நேரா பேசுனாரு, எழுந்து நினிவேக்குப் போன்னு, அவனுக்கு அதுல சந்தேகமே இல்ல, தெரிஞ்சே யோப்பாவுக்குப் போய் கூலி குடுத்து தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான். உங்ககிட்ட யாரு பேசுனா? ரெண்டு தடவ போய் வாசல்ல நின்னவன ஓடிப்போனவன்னு எப்படி சொல்லுவிய?

நான் வாக்கப்பட்டு வந்த ஊருல சர்ச் கோபுரம் 192 அடி. அதுக்குக் கீழ நடந்து போகும்போதெல்லாம் எனக்கு சீலோவாம்தான் ஞாபகம் வரும். லூக்கா 13, கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேரு செத்தாங்க, அவங்க மத்தவங்கள விட குற்றவாளின்னு நினைக்கிறீங்களான்னு இயேசு கேட்டுட்டு, அவரே இல்லன்னும் சொல்லிட்டாரு. எதுக்கு விழுந்துச்சுன்னு மட்டும் சொல்லவே இல்ல, கவனிச்சியளா?

எங்கம்மா வீடு ஆத்துக்குப் பக்கத்துல. எனக்கும் அந்த வெள்ளத்துல தையல் மிஷின் ரெண்டு, தைக்க வாங்கி வச்சிருந்த அடுத்தவங்க துணி, அம்மா வீட்டு கல்யாண ஆல்பம் எல்லாம் போச்சு. நாலாம் நாளு ஒருத்தவ பிஸ்கட் பாக்கெட்டோட வந்து, கவலப்படாதீங்க அக்கா எல்லாம் அவர் திட்டம்னாவ. பிஸ்கட்ட வாங்கிட்டு கதவ சாத்திட்டேன். அன்னைக்கு நான் வாசிச்சது 88ஆம் சங்கீதம், கடைசி வரைக்கும் ஒரு வெளிச்சமும் வராது அதுல, இருட்டுலயே முடியும். அதையும் பைபிள்ல வச்சிருக்காரே, அதுதான் எனக்கு ஆறுதலா இருந்துச்சு.

இன்னொண்ணு, உங்க அம்மாவ தப்பா நினைக்காதீங்க. எங்க பெரியண்ணனையும் இப்படித்தான் ஒப்புக்குடுத்தாவ, அவன் கப்பல் வேலைக்குப் போயிட்டான். அவன் ஒவ்வொரு தடவ கடலுக்குப் போகும்போதும் எங்கம்மா தண்ணி கூட குடிக்க மாட்டாவ. ஊழியம் போச்சேன்னு இல்ல. சொன்ன வாக்க நான் காப்பாத்தல, குடுத்தவர் திரும்ப எடுத்துக்கிருவாரோன்னு பயம். உங்க அம்மா அன்னைக்கு வரப்புல நின்னு பாத்தது வாழைய இல்ல தம்பி, உங்கள. வெள்ளம் வாழையோட போச்சே, அடுத்தது பிள்ளையோன்னு.

ஆத்தோரத்தான்

அக்கா... இத நான் யோசிச்சதே இல்ல.

பாளை ரிட்டயர்டு வாத்தியார்

தம்பி, நான் முப்பத்தி மூணு வருஷம் தமிழ் நடத்தினவன், எனக்கு சொல்லுக்குள்ள போகாம இருக்க முடியாது. எரேமியா 29:11ஐ நம்ம பைபிள்ல எடுத்து வாசிங்க. 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்.' திட்டம்னு ஒரு வார்த்தை அதுல இருக்கா? நினைவுகள்னுதான் இருக்கு. திட்டம்ங்கிறது இங்கிலீஷ் வசனம் போட்ட காலண்டர், போஸ்டர் வழியா நம்ம வாயில வந்து ஒட்டிக்கிட்டது. திட்டம்னா இஞ்சினியர் போடுற வரைபடம் மாதிரி, ஒரு கோடு மாறினா சுவர் இடிஞ்சிரும்னு பயம் வரும். நினைவுன்னா அப்படியா? அம்மா அடுப்புல வேலை பாத்துக்கிட்டே தூரத்துல இருக்குற பிள்ளைய நெனச்சுக்கிட்டு இருக்காளே, அது நினைவு. பிள்ள பஸ்ஸ மாத்தி ஏறினாலும் அந்த நினைவு அந்துராது.

அப்புறம் அந்த வசனம் யாருக்கு வந்த கடுதாசி? ஊர விட்டு, கோயில விட்டு, பாபிலோன்ல கெடந்த சனத்துக்கு. அட்டையில 11ஐ மட்டும் அச்சடிப்பான், 10ஐ அச்சடிக்க மாட்டான், ஏன்னா அதுல எழுபது வருஷம்னு இருக்கு, எவன் வாங்குவான் அந்த அட்டைய! அதுவரைக்கும் என்ன செய்யச் சொல்லுதாரு? 5ஆம் வசனம் பாருங்க: வீடு கட்டி குடியிருங்க, தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்க.

தோட்டம் தம்பி. உங்க வாக்குத்தத்தம் நிக்கிற அதே கடுதாசியில, ஆறு வசனத்துக்கு முன்னாடி.

ஜெபவீரன்77

ஐயா நீங்க பெரியவங்க, மரியாதையோட சொல்லுதேன், ஒரு வார்த்தைய பிடிச்சுத் தொங்கி அழைப்பையே கரைச்சிரக் கூடாது. விசுவாசம்னா எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. உங்க கணக்குப்படி பாத்தா எவனும் எதையும் விடவே வேண்டியதில்ல, வலைய விட்டுட்டு அவரைப் பின்பற்றின பேதுரு எதுக்கு?

பாளை ரிட்டயர்டு வாத்தியார்

நல்ல கேள்வி. பேதுருவ அவரு கூப்பிட்டாரு, அவன் வலைய விட்டான். யாரும் கூப்பிடாம பேதுருவோட அம்மா வலைய பிடுங்கிப் போட்டா அது வேற கதை. காத்திருக்கிறதுன்னா சும்மா இருக்கிறதுன்னு எரேமியா சொல்லல. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் வாரான், ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பி வந்துரும்னு தீர்க்கதரிசனம் சொல்லி எரேமியா கழுத்துல கெடந்த நுகத்தையே உடைக்கான். சனத்துக்கு அவன் பேச்சுதான் இனிச்சிருக்கும். ஆனா கர்த்தர் அனுப்பாதவன் அவன்தான். வேகமா, நிச்சயமா, தேதி போட்டு சொல்லுதவனப் பாத்தா எனக்கு இப்பவும் அனனியா ஞாபகம்தான் வரும். உங்கள சொல்லல, பொதுவா சொல்லுதேன்.

ஜெபவீரன்77

பொதுவான்னு சொல்லிட்டு என் பக்கம் பாத்து சொல்லுத மாதிரிதான் இருக்கு ஐயா :)

களக்காட்டுப் பக்கம்

எங்க ஆச்சி டோனாவூர்ல வளர்ந்தவங்க, அதனால ஒண்ணு சொல்லுதேன். அங்க பிள்ளைகள் இல்லம் நடத்தின மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா சீனாவுக்குப் போகணும்னு விண்ணப்பம் போட்டவங்க, உடம்பு தாங்காதுன்னு நிறுத்திட்டாங்க. 1893ல ஜப்பான் போனாங்க, பதினஞ்சு மாசத்துல உடம்பு சரியில்லாம விடவேண்டியதாப் போச்சு, நடுவுல இலங்கை, அப்புறம் 1895ல இந்தியா. இங்கயும் ஊர் ஊராப் போய் சுவிசேஷம் சொல்லதான் வந்தாங்க. 1901ல உங்க பக்கத்து பண்ணைவிளையில இருந்தப்ப பிள்ளைகள சாமிக்குக் கட்டி வைக்கிற இந்துக் கோயில் வீட்டுல இருந்து தப்பிச்சு ஒரு ஏழு வயசுப் பிள்ள அவங்ககிட்ட வந்து சேர்ந்துச்சு, அதுல இருந்து பிள்ளைகள வளக்குறதே வாழ்க்கையாச்சு. ஊர் சுத்த வந்தவங்க தொட்டில் ஆட்டிக்கிட்டு ஒரே இடத்துல உக்காந்துட்டாங்க. அவங்க போட்ட எந்த திட்டமும் நடக்கல தம்பி. ரெண்டு தடவ உங்களுக்குக் கதவு அடைச்சுதுன்னு சொன்னியளே, அதான் ஞாபகம் வந்துச்சு.

மெஞ்ஞானபுரத்து மருமக

அக்கா, அதோட நிறுத்தாதீங்க, 1931ஐயும் சொல்லுங்க. உங்க களக்காட்டுலதான் குழியில விழுந்தாங்க, அதுக்கப்புறம் 1951ல இறக்குற வரைக்கும் இருபது வருஷம் அந்த அறைதான், பெரும்பாலும் கட்டில்தான். அந்த இருபது வருஷ வலிக்கு எதுக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. கட்டில்ல கெடந்துதான் நிறைய புஸ்தகம் எழுதினாங்க, அதுக்குத்தான் விழுந்தாங்கன்னு சில பிரசங்கத்துல சொல்லுதாவ, எனக்கு அது பிடிக்காது. புஸ்தகம் எழுத கால் ஒடியணும்னு அவசியம் இல்ல. ரோமர் 8:28 சகலமும் நன்மைன்னு சொல்லல, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதுன்னுதான் சொல்லுது.

களக்காட்டுப் பக்கம்

சரிதான் மைனி. ஆச்சியும் அந்த வலியப் பத்தி பேச மாட்டாங்க. அம்மா ரூம்ல எப்பவும் பூ இருக்கும்னு மட்டும் சொல்லுவாங்க.

பழைய உபதேசியார்

பிள்ளைகளா, நான் போன்ல டைப் பண்ண மெதுவா இருக்கும், பேரன்தான் அடிக்கான். எல்லாரும் பொருத்தனை பொருத்தனைன்னு பேசுதிய, பொருத்தனைக்கு சட்டம் என்னன்னு யாரும் பாக்கல. லேவியராகமம் 27. ஒரு ஆள கர்த்தருக்குன்னு பொருத்தனை பண்ணினா, அந்த ஆளு கூடாரத்துக்குள்ள போயி ஆசாரியனாகணும்னு அங்க இல்ல. அவருக்கு ஒரு மதிப்பு போட்டு வெள்ளி செலுத்தணும்னு இருக்கு. ஒரு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள ஆம்பளப் பிள்ளைக்கு அஞ்சு சேக்கல், இருபதுல இருந்து அறுபது வயசு ஆம்பளைக்கு அம்பது சேக்கல். அதக் குடுக்க வழியில்லாத ஏழைன்னா, பொருத்தனை பண்ணவங்க திராணிக்குத் தக்கன ஆசாரியன் மதிப்பு போடணும்னு 8ஆம் வசனம். அதாவது இப்படி வராண்டாவுல, மரண பயத்துல, வாயில வந்ததச் சொல்லிட்டு அப்புறம் தவிக்கிற தாய்மாரு அப்பவே இருந்திருக்காவ. அவங்களுக்கு கர்த்தரே வழி வச்சிருக்காரு.

இன்னைக்கு நாம அந்தச் சட்டத்துக்குக் கீழ இல்ல, தெரியும். ஆனா அவர் மனசு எப்படின்னு தெரியுதுல்லா. நாப்பது வருஷம் உபதேசியாரா இருந்தேன், இப்படி ஒப்புக்குடுத்த பிள்ளைய எத்தனையோ பாத்திருக்கேன். சிலது நல்ல ஐயரா வந்துச்சு. சிலது அம்மாவுக்காக அங்கி போட்டு, பாவம், ஞாயித்துக்கிழம வந்தாலே வயித்து வலி. தம்பி, உங்க அம்மாகிட்ட அந்த அதிகாரத்த வாசிச்சுக் காட்டுங்க, வாதாடாதீங்க.

சும்மா வாசிக்கிறவன்

இத்தன வருஷம் லேவியராகமம்னா ஆடு மாடு கணக்குதான்னு நெனச்சேன். இப்படி ஒரு ரசீது புக்கும் உள்ள இருக்கா.

ஜெபவீரன்77

உபதேசியாரையா சொன்னதுல நான் பதில் பேச ஒண்ணுமில்ல. யோசிக்கேன்.

*(ரெண்டு மாசம் கழிச்சு)*

ஆத்தோரத்தான்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், என்னாச்சுன்னு ரெண்டு மூணு பேரு கேட்டிருந்தாவ.

அன்னைக்கே அம்மாகிட்ட லேவியராகமம் 27 வாசிச்சுக் காட்டினேன். பாதியில முகத்த திருப்பிக்கிட்டு படுத்துட்டாவ. 'தூங்குதியளா'ன்னேன், பதில் இல்ல. சரி விட்டுட்டேன். மறுநா காப்பி போடும்போது "அஞ்சு சேக்கல்னா இப்போ எவ்வளவுல"ன்னு மட்டும் கேட்டாவ, எனக்குத் தெரியலன்னேன்.

போன வாரம் ஊருல அறுப்பின் பண்டிகை. வெட்டின மொதத் தாரு, நல்ல தாரு, தோளுல தூக்கிக்கிட்டு போயி பீடத்துக்கு முன்னாடி வச்சேன், பக்கத்துல ஒருத்தவிய சேவல், பூசணிக்கா, ஒரு மூட நெல்லு. ஆராதனை முடிஞ்சு ஏலம். என் தார இருநூறுல ஆரம்பிச்சாவ, பலசரக்குக் கடை அண்ணாச்சி நானூத்தம்பதுன்னாரு, இன்னொருத்தரு அறுநூறு. திடீர்னு பொம்பளைய பக்கத்துல இருந்து "ஆயிரத்து ஒண்ணு"ன்னு சத்தம். பாத்தா எங்கம்மா. ஐயர் சிரிச்சிட்டாரு, யம்மா இது உங்க வீட்டுத் தாருதான, உங்க மவன்தான கொண்டு வந்தான்னாரு. அம்மா சிரிக்கல, எந்திச்சு வந்து சீலை முந்தியில முடிஞ்சு வச்சிருந்த பணத்த எண்ணிக் குடுத்தாவ. பத்து ரூவா, இருபது ரூவாயா சேத்து வச்சிருந்த நோட்டு. முன்னாடியே தயாரா வந்திருக்காவன்னு அப்போதான் புரிஞ்சுது.

தார வீட்டுக்குக் கொண்டு வந்து உத்தரத்துல கயிறு கட்டித் தொங்க விட்டோம். ஒண்ணும் பேசல. ராத்திரி குடும்ப ஜெபத்துல அந்த வழி தப்பின பிள்ள வரி வரும்னு கண்ண மூடி காத்துக்கிட்டு இருந்தேன், வரல. "மிச்ச வாழைய காத்துல சாயாம பாத்துக்கோரும் ஆண்டவரே"ன்னு ஜெபிச்சாவ.

எது கர்த்தரோட திட்டம்னு எனக்கு இப்பவும் தெரியாது. வாத்தியாரையா சொன்ன நினைவுகள்ங்கிற வார்த்தை மட்டும் தண்ணி பாய்ச்சும்போது அப்பப்ப வந்து போகும். தூக்கம் வருது.

மெஞ்ஞானபுரத்து மருமக

அந்த முந்தி முடிச்ச வாசிச்சு அழுதுட்டேன் தம்பி. அம்மாவுக்கு என் ஸ்தோத்திரத்த சொல்லுங்க.

சும்மா வாசிக்கிறவன்

ஆயிரத்து ஒண்ணுக்கு ஒரு ஏத்தந்தாரு, மார்க்கெட்டுல இந்த விலை கெடச்சா நானும் வாழை வைப்பேன்.

ஜெபவீரன்77

தம்பி, அழைப்பு மாறாதுன்னு நான் இன்னும் நம்புதேன், உங்களுக்காக ஜெபிக்கிறத விடல. வாழை இஸ்மவேல்னு சொன்னத மட்டும் வாபஸ் வாங்கிக்கிடுதேன். அது கெடக்கட்டும், ஏத்தங்கன்னு இருக்கா? எங்க மச்சான் சாத்தான்குளம் பக்கம் அரை ஏக்கர்ல வைக்கணும்னு நிக்காரு.

ஆத்தோரத்தான்

இருக்கு அண்ணே. நல்ல ஈட்டிக்கன்னா பாத்து எடுத்துத் தாரேன், ஆனா இன்னும் ரெண்டு வாரம் ஆகும், தாரு முழுசா வெட்டி முடியட்டும். முட்டு குடுக்க சவுக்குக் கம்பு இப்பவே சொல்லி வைக்கச் சொல்லுங்க, ஆனிக்காத்துல கம்பு விலை ஏறிரும்.